விலக்கில் நின்ற ராஜபாண்டி

மதுரையிலிருந்து கள்ளிக்குடிக்குப் போகும் நான்குவழிச் சாலையில், சிவபாண்டியின் ஊருக்குப் பிரிகிற மண்ரோட்டு முனையை விலக்கு என்பார்கள். அங்கே ஒரு நிழற்குடை உண்டு, எழுத்து அழிந்த பலகை உண்டு, பஞ்சர் கடை ஒன்று உண்டு. பஸ் நிற்குமா என்பது மட்டும் அன்றைக்கு ஓட்டுகிறவரின் மனசைப் பொறுத்தது. நின்றாலும் கை காட்டியவர்களைத் தாண்டிக் கொஞ்சதூரம் போய்த்தான் நிற்கும். பையைத் தூக்கிக்கொண்டு பின்னாலேயே ஓட வேண்டும்.

சிவபாண்டி அதே விலக்கைக் கம்ப்யூட்டரில் கட்டினான். அங்கே எல்லா பஸ்ஸும் நின்றன.

அப்போது அவன் கப்பலூர் தொழிற்பேட்டையில், பிளாஸ்டிக் வாளியும் குடமும் வார்க்கிற ஒரு கம்பெனியில் மெஷின் பார்த்துக்கொண்டிருந்தான். அவனைப் பாலிடெக்னிக் படிக்க வைத்தது அண்ணன் ராஜபாண்டி. அப்பா கண்ணுச்சாமி சீக்கிரமே இறந்துவிட்டதால் அம்மா சுந்தரம்மாளும் அண்ணனும் காட்டுவேலைக்குப் போய்த்தான் வீடு நடந்தது. பிறகு ராஜபாண்டி கப்பலூரில் ஒரு குடோனில் லோடு ஏற்றுகிற வேலைக்குச் சேர்ந்தான். அவனுக்குப் பஸ் என்றால் பைத்தியம். ஹெவி லைசென்ஸ்கூட எடுத்து வைத்திருந்தான். டிரைவர் வேலைதான் கடைசிவரை அமையவில்லை. எந்த பஸ்ஸில் ஏறினாலும் முன்னால் போய் உட்கார்ந்து, டிரைவர் கியர் மாற்றும்போதெல்லாம் கிளட்ச் மிதிப்பதுபோல் தன் இடதுகாலை லேசாக அழுத்திக்கொள்வான்.

அந்தப் பைத்தியம்தான் தம்பிக்கும் தொற்றியது. வெளிநாட்டுக் கம்பெனி ஒன்று பஸ் ஓட்டுகிற விளையாட்டு ஒன்றை வெளியிட்டிருந்தது. அதில் யார் வேண்டுமானாலும் தன் ஊர்ச் சாலையையும் பஸ்ஸையும் செய்து சேர்க்கலாம். ஒருவர் சர்வர் வைத்து நடத்தினால், எங்கெங்கோ இருக்கிற ஆட்கள் எல்லாரும் ஒரே நேரத்தில் ஒரே சாலையில் ஓட்டலாம். காளவாசலில் கம்ப்யூட்டர் கடை வைத்திருந்த கிரிதரன் அப்படி ஒரு சர்வர் நடத்தினான். அதன் பெயர் ‘நம்ம ரூட்டு’. சாலை போடத் தெரிந்த ஆள் வேண்டும் என்று அவன் கேட்டிருந்ததைப் பார்த்து சிவபாண்டி போய்ச் சேர்ந்தான். சம்பளமெல்லாம் கிடையாது. யாரும் யாரிடமும் எதுவும் எதிர்பார்க்காத வேலை அது. பிடித்தவர்கள் செய்தார்கள்.

பெரியார் பஸ் நிலையத்தில் தொடங்கி, பழங்காநத்தம், பசுமலை, திருநகர், கப்பலூர், திருமங்கலம் என்று கள்ளிக்குடிவரை அந்தச் சாலையை சிவபாண்டி போட்டான். விடுமுறை நாட்களில் பைக்கில் போய்ப் போட்டோ எடுத்துவருவான். எந்தத் திருப்பத்தில் வேகத்தடை இருக்கிறது, எந்த டீக்கடையின் பலகை சாய்ந்து தொங்குகிறது என்பதுவரை கொண்டுவந்து வைத்தான். ஷிஃப்ட் முடிந்து வந்து, சாப்பிட்டு, கம்ப்யூட்டர் முன்னால் உட்கார்ந்தால் அவனுக்குக் களைப்பே தெரியாது. வருஷக்கணக்காக இது நடந்தது. சாலை நீண்டுகொண்டே வந்தது. துபாயில் இருந்தும் சிங்கப்பூரில் இருந்தும் மதுரைக்காரப் பையன்கள் வந்து அதில் பஸ் ஓட்டினார்கள். எல்லாருக்கும் அவன் ‘சிவா அண்ணே’.

கிரிதரனுக்கு வீடு வில்லாபுரத்தில். வீட்டில் சௌராஷ்டிரம் பேசுவார்கள். சிவபாண்டி போகும்போதெல்லாம் அவன் அம்மா சீதாலட்சுமி சட்டென்று தமிழுக்கு மாறி, “வாப்பா, கையைக் கழுவிட்டு உக்காரு” என்பார். சாப்பிடாமல் ஒருநாளும் விட்டதில்லை. கிரிதரனும் சிவபாண்டியும் ஒருவரையொருவர் மாப்ள என்றுதான் கூப்பிட்டுக்கொண்டார்கள்.

பஸ் ஸ்டாப்புகளில் நிற்பதற்குப் பயணிகள் வேண்டியிருந்தார்கள். விளையாட்டோடு வருகிற பயணிகள் கோட்டும் தொப்பியுமாக வெள்ளைக்காரர்களாக இருந்தார்கள். பசுமலை ஸ்டாப்பில் அவர்கள் நிற்பதைப் பார்த்து ராஜபாண்டி விழுந்து விழுந்து சிரித்தான்.

“என்னைய நிப்பாட்டுடா அங்க. நானெல்லாம் எம்புட்டுப் பஸ் ஏறியிருப்பேன்!”

ஒரு ஞாயிற்றுக்கிழமை, வீட்டுச் சுவரோரம் அவனை நிறுத்தி, நாலாபக்கமும் போட்டோ எடுத்து, அவனைப் போலவே ஓர் உருவம் செய்தான் சிவபாண்டி. நீலச் சட்டை, தோளில் டிபன் பை, ஒருபக்கம் சாய்ந்த நிற்பு. பிறகு போனை வாயருகே நீட்டி, “டிரைவர்கிட்ட டிக்கெட் கேக்குற மாதிரி பேசுண்ணே” என்றான்.

“அண்ணே, கப்பலூர் ஒண்ணு. ஸ்டாப்புல நிப்பாட்டுங்கண்ணே, தள்ளிக் கொண்டுபோய் விட்டுறாதீங்க” என்று சொன்னதுமே ராஜபாண்டிக்குச் சிரிப்பு வந்துவிட்டது. “டிரைவரெல்லாம் சின்னப் பயலுக. அவனுகளைப் போய் அண்ணேங்கச் சொல்ற” என்று சொல்ல வாயெடுத்து, சொல்ல முடியாமல் சிரித்தான். சிவபாண்டி அந்தச் சிரிப்பை வெட்டாமல் அப்படியே சேர்த்தான். ஊர் விலக்கில் அண்ணனை நிறுத்தினான். எந்த பஸ் வந்து நின்றாலும் ராஜபாண்டி ஏறுவான், அதைச் சொல்வான், சிரிப்பான், ஜன்னலோரம் உட்காருவான், கப்பலூரில் இறங்குவான்.

அந்த வருஷத்தில்தான் அருள்பாண்டி விஷயமும் நடந்தது. உசிலம்பட்டிக்காரன். சர்வரில் ஓடிய நல்ல பஸ்களில் பாதி அவன் செய்தவை. யார் எந்த ரூட்டை ஓட்டுவது என்ற சில்லறைச் சண்டையில் கோபித்துக்கொண்டு, தன் பஸ்களையெல்லாம் ஒரே ராத்திரியில் எடுத்துக்கொண்டு போய்விட்டான். மறுநாள் பஸ் நிலையம் காலியாகக் கிடந்தது. ஓட்ட வந்தவர்கள் வெறும் தரையில் சுற்றிக்கொண்டிருந்தார்கள். சிவபாண்டிக்குக் கோபம் தலைக்கேறிவிட்டது.

“நாளைக்கு நானும் கோவிச்சுக்கிட்டு ரோட்டைச் சுருட்டிட்டுப் போகவா? ஒரு சட்டம் வையி மாப்ள” என்றான் கிரிதரனிடம். வார்த்தைகளை அவனே எழுதியும் கொடுத்தான். ‘சர்வரில் ஏற்றியது சர்வருக்கே சொந்தம். விலகுகிறவர் எதையும் எடுத்துச் செல்ல முடியாது.’ கிரிதரன் அதை நுழைவாசலில் போட்டு, கீழே ‘சம்மதம்’ என்று ஒரு பட்டனை வைத்தான். உள்ளே வருகிற எல்லாரும் அதை அழுத்திவிட்டுத்தான் வந்தார்கள். சிவபாண்டியும் அழுத்தினான்.

அதற்கடுத்த ஐப்பசியில், காலை ஷிஃப்டுக்கு வந்த ராஜபாண்டி கப்பலூரில் சாலையைக் கடக்கும்போது ஒரு கார் அடித்துவிட்டுப் போனது. மழை தூறிக்கொண்டிருந்தது. நீலச் சட்டைதான் போட்டிருந்தான் என்று பார்த்தவர்கள் சொன்னார்கள். தம்பி தன் கம்பெனியிலிருந்து ஓடிவருவதற்குள் ஆம்புலன்ஸ் போய்விட்டது.

வீட்டில் அவனுடைய ஒரு கல்யாணவீட்டுப் போட்டோவும் ஆதார் கார்டும்தான் மிஞ்சின. குரல் அனுப்பிப் பேசுகிற பழக்கம் அவனுக்குக் கிடையாது. எதுவானாலும் போன் அடித்துவிடுவான். அவனுடைய போன் சாலையிலேயே நொறுங்கிப்போனது. சிவபாண்டி அன்று குரல் பதிந்த போனும் எப்போதோ மாறிவிட்டது. கம்ப்யூட்டரில் இருந்த மூலப் பிரதி, கோடையில் டிஸ்க் கெட்டபோதே போயிருந்தது. அப்போது அவன் கவலைப்படவில்லை. எல்லாம்தான் சர்வரில் இருக்கிறதே.

காரியமெல்லாம் முடிந்து வெகுநாள்வரை அவன் அந்தப் பக்கமே போகவில்லை. ஒரு சாயங்காலம், சாலையில் ஏதோ சரி பார்க்க வேண்டும் என்று கிரிதரன் கூப்பிட்டதால் உள்ளே போனான். பஸ்ஸை ஓட்டிக்கொண்டு வந்தவன் பழக்கதோஷத்தில் விலக்கில் நிறுத்திவிட்டான்.

“அண்ணே, கப்பலூர் ஒண்ணு.”

அடுப்படியில் பாத்திரம் விழுகிற சத்தம் கேட்டது. சுந்தரம்மாள் ஈரக் கையோடு வந்து வாசற்படியில் நின்றார்.

“யாருடா அது? எம்மவனா பேசுனான்?”

சிவபாண்டி திரையைக் காட்டினான். அவர் பக்கத்தில் வந்து உட்கார்ந்து, ஜன்னலோரத்தில் டிபன் பையை மடியில் வைத்துக்கொண்டு உட்கார்ந்திருக்கிற உருவத்தைப் பார்த்துக்கொண்டே இருந்தார். பஸ் திருமங்கலத்தைத் தாண்டியது. கப்பலூர் நெருங்கியபோது மகனின் முழங்கையைப் பிடித்தார்.

“அங்க கொண்டுபோகாதடா. திருப்பு. வீட்டுப் பக்கம் திருப்பு.”

அவன் பஸ்ஸை அங்கேயே திருப்பினான்.

அன்றிலிருந்து அது தினசரி வழக்கமாயிற்று. சுந்தரம்மாள் ஆடுகளைக் கட்டிவிட்டு, முகம் கழுவிக்கொண்டு வந்து உட்காருவார். விலக்கில் பஸ் நிற்கும். அண்ணன் ஏறிச் சிரிப்பான். “இன்னைக்கி எம்புட்டு நேரமாக் காத்துக்கிட்டு இருந்தானோ” என்பார் அம்மா. சில நாள் ஒன்றும் சொல்லமாட்டார். கப்பலூருக்கு முன்னால் பஸ் திரும்பிவிடும். சர்வரில் ஓட்டுகிறவர்களுக்கு விஷயம் தெரிந்திருந்தது. சிவா அண்ணன் பஸ் நடுவழியில் திரும்பினால் பின்னால் வருகிறவர்கள் ஹாரன் அடிக்காமல் ஒதுங்கி நிற்பார்கள். யாரும் ஏன் என்று கேட்டதில்லை.

இரண்டு வருஷம் இப்படிப் போனது. ஒருநாள் கிரிதரன் அவனைக் காளவாசலுக்கு வரச்சொன்னான். கடைக்கு எதிரே டீ குடித்தபடி, சர்வரை ஒரு பெங்களூர் கம்பெனி எடுத்துக்கொள்ளப் போகிறது என்றான். செல்போனில் விளையாடுகிற மாதிரி மாற்றி லட்சக்கணக்கான பேருக்குக் கொண்டுபோகப் போகிறார்கள். அவனுக்கும் அங்கே ஒரு வேலை. கடை ஓட்டமில்லாமல் அவன் திணறிக்கொண்டிருந்தது சிவபாண்டிக்குத் தெரியும். சந்தோஷமாகத்தான் கையைக் குலுக்கினான். ஒன்றே ஒன்று கேட்டான்.

“அண்ணன் இருப்பாருல்ல?”

“இருப்பாரு மாப்ள. மேப் அப்பிடியே போகுது. ஒரு கல்லைக்கூட மாத்தமாட்டாங்க.”

அடுத்த சில நாளில் பழைய சர்வர் நின்றது. சாயங்காலம் அம்மா வந்து உட்கார்ந்தார். “ரிப்பேர் பாக்குறாங்கம்மா. புதுசா வரும். உன் போன்லயே பாக்கலாம்” என்றான். அடிக்கடி கேட்பார், அவனும் அதையே சொல்வான். அப்போது அவன் சொன்னது உண்மைதான்.

புது விளையாட்டு ‘ஹாரன் அடி’ என்ற பெயரில் சித்திரையில் வந்தது. வந்தது சிவபாண்டிக்கே தெரியாது. மத்தியானச் சாப்பாட்டு நேரத்தில், கூட வேலை பார்க்கிற மொக்கையன் போனை நீட்டினான்.

“இந்தா பாருண்ணே, உங்க ஊரு விலக்கு மாதிரியே இருக்கு. பயங்கர காமெடிண்ணே.”

அது யாரோ பதிந்து போட்ட வீடியோ. நிழற்குடை, அழிந்த பலகை, பஞ்சர் கடை. நீலச் சட்டைக்காரன் டிபன் பையோடு நிற்கிறான். பஸ் வருகிறது. ‘அண்ணே, கப்பலூர் ஒண்ணு. ஸ்டாப்புல நிப்பாட்டுங்கண்ணே’ என்கிறான். பஸ் நிற்காமல் அவன்மேல் ஏறுகிறது. பழைய சர்வரில் பஸ் ஆள்மேல் படவே படாது. சிவபாண்டிதான் அப்படி வைத்திருந்தான். புதுக் கம்பெனி அதை மாற்றியிருந்தது. அடிபட்டால் ஆள் பறந்துபோய் விழுவான். ஆனால் குரல் மட்டும் நிற்காமல் ஓடி முடியும். அதனால் சாலையோரம் விழுந்து கிடந்தபடி ராஜபாண்டி சிரித்தான். கீழே ‘அடிச்சாலும் சிரிக்கிற அண்ணன்’ என்று எழுதியிருந்தார்கள். லட்சம் பேருக்குமேல் பார்த்திருந்தார்கள்.

மொக்கையன் புதிதாகச் சேர்ந்தவன். அவனுக்கு எதுவும் தெரியாது. “ஏன்ணே, என்னாச்சு?” என்றான். சிவபாண்டி டிபனை மூடிவிட்டு எழுந்து போய், மெஷின் சத்தத்துக்கு நடுவில் நின்றான்.

சாயங்காலம் அவன் வீட்டுக்குப் போகவில்லை. நிஜ விலக்கிலேயே இறங்கி, நிழற்குடைத் திட்டில் உட்கார்ந்து போனில் அந்த விளையாட்டை இறக்கினான். வேறு பெயரில் உள்ளே போய், ஒரு பஸ்ஸை எடுத்துக்கொண்டு விலக்குக்கு வந்தான். அங்கே வரிசை கட்டி நின்றார்கள். ஒருவன் அடிப்பான். ராஜபாண்டி விழுவான், சிரிப்பான், கொஞ்சநேரத்தில் மறுபடி எழுந்து அதே இடத்தில் நிற்பான். அடுத்தவன் வருவான். எல்லாப் பக்கமும் ஹாரனும் பாட்டும் ஒரே கூச்சல்.

சிவபாண்டி தன் பஸ்ஸை நிழற்குடைக்கு முன்னால், அண்ணனை மறைத்துக்கொண்டு குறுக்கே நிறுத்தினான்.

பின்னால் வந்தவர்கள் ஹாரன் அடித்தார்கள். பிறகு இடித்தார்கள். பஸ் குலுங்கியது, கண்ணாடி உடைந்தது, அவன் நகரவில்லை. ராஜபாண்டி ஏறி, கப்பலூர் ஒண்ணு கேட்டு, சிரித்துவிட்டு ஜன்னலோரம் உட்கார்ந்தான். கூச்சலில் அவன் குரல் சரியாகக்கூடக் கேட்கவில்லை. ஆனாலும் உள்ளே இருந்தான். ஏறியவனை யாரும் இடிக்க முடியாதல்லவா. இருட்டும்வரை அவனை ஏற்றி வைத்துக்கொண்டு சிவபாண்டி அங்கேயே நின்றான். மறுநாளும் நின்றான். அதற்கடுத்த நாளும் வேலை முடிந்து நேராக வந்து அதே திட்டில் உட்கார்ந்து, போனில் சார்ஜ் தீரும்வரை நின்றான். தான் இறங்கி வீட்டுக்குப் போனபிறகு அண்ணனை என்ன செய்வார்கள் என்று அவனுக்குத் தெரியும். அதை நினைத்துக்கொண்டே சோற்றைப் பிசைவான்.

“ஏன்டா, மேலுக்கு முடியலையா?” என்று அம்மா கேட்டார்.

“வேலை ஜாஸ்திம்மா.”

அந்த வாரக் கடைசியில் போனில் ஒரு வரி வந்தது. போக்குவரத்துக்கு இடையூறு செய்ததால் அவனுடைய கணக்கு நிரந்தரமாக முடக்கப்படுகிறது. வேறு பெயரில் முயன்றான். அந்த போனிலிருந்தே நுழைய முடியவில்லை. கம்பெனிக்கு எழுதினான். ‘நிற்கிற ஆள் என் அண்ணன். இறந்துவிட்டார். எடுத்துவிடுங்கள்’ என்று தமிழிலும், தெரிந்த இங்கிலீஷிலும் எழுதினான். உங்கள் கருத்துக்கு நன்றி என்று பதில் வந்தது.

கிரிதரன் பெங்களூரிலிருந்து தன் அம்மாவைப் பார்க்க வில்லாபுரம் வந்திருக்கிறான் என்று கேள்விப்பட்டு அங்கே போனான். கிரிதரன் கொஞ்சம் சதை போட்டிருந்தான். இவனைக் கண்டதும் முகம் மாறியது.

“பாத்தேன் மாப்ள” என்றான். “சத்தியமா அப்பிடிப் பண்ணுவாங்கன்னு எனக்குத் தெரியாது.”

“ரோடு, பஸ் ஸ்டாண்டு, கடை எல்லாத்தையும் அவங்களே வச்சுக்கட்டும். நான் கேக்கல. அந்த ஒரு ஆளை மட்டும் குடுத்துறச் சொல்லு. அண்ணனையும் அவர் பேச்சையும்.”

“நான் சொல்லாம இருப்பேனாடா? நீ யாருன்னு கேக்குறாங்க. அவங்க கணக்குல நீ விளையாட வந்த ஆளு. அம்புட்டுத்தான்.”

“கட்டுனது நாந்தேன்னு உனக்குத் தெரியாதா?”

“எனக்குத் தெரியும். எழுத்துல என்ன இருக்கோ அதைத்தானே பாப்பாங்க? சர்வர்ல ஏத்துனது சர்வருக்கேன்னு இருக்கு. சர்வரை வித்தா உள்ள இருக்கறதெல்லாம் சேர்ந்துதான் போகும்.” கிரிதரன் தரையைப் பார்த்தபடி சொன்னான். “அதை எழுதுனது நீ மாப்ள.”

சிவபாண்டிக்கு, அருள்பாண்டி தன் பஸ்களோடு போன அன்று தான் பேசிய பேச்செல்லாம் ஞாபகம் வந்தது. அதை எழுதியபோது, சர்வர் என்றால் தானும் கிரிதரனும் ராத்திரியில் வந்து ஓட்டுகிற அந்தப் பையன்களும் என்றுதான் அவன் நினைத்திருந்தான். அது ஒரு பெட்டி என்றும் அந்தப் பெட்டிக்கு ஒரு ஆள் சொந்தக்காரன் என்றும் அவனுக்குத் தோன்றியதே இல்லை.

உள்ளேயிருந்து சீதாலட்சுமி மகனைத் தங்கள் பாஷையில் ஏதோ கேட்டார். அவன் அதிலேயே பதில் சொன்னான். இரண்டு பேர் குரலும் தாழ்ந்திருந்தன. தன்னைப் பற்றித்தான் பேசுகிறார்கள் என்பது மட்டும் சிவபாண்டிக்குப் புரிந்தது. இத்தனை வருஷத்தில் முதல்முறையாக, அந்த வீட்டில் புரியாத பாஷை ஒன்று இருக்கிறது என்று அவனுக்கு உறைத்தது.

“சாப்பிட்டுட்டுப் போப்பா” என்று சீதாலட்சுமி வெளியே வந்தார்.

“இல்லம்மா. வாரேன்.”

வாசல்வரை வந்த கிரிதரன் அவன் தோளைத் தொட்டான். “ஃபைலை எப்பிடியாச்சும் வாங்கித் தாரேன் மாப்ள. எம்மேல நம்பிக்கை வையி.”

சொன்னபடி அவன் கம்பெனியில் கேட்கத்தான் செய்தான். ஒரு வாரம் கழித்துப் போன் செய்தான்.

“மாப்ள, எடுத்துட்டாங்க. இனி அங்க யாரும் அண்ணனை ஒண்ணும் பண்ண முடியாது.”

“குடுத்துட்டாங்களா?”

மறுபக்கம் சத்தமில்லை.

“கிரி, குடுத்துட்டாங்களாடா?”

“எடுத்துட்டாங்கடா. அழிச்சுட்டாங்க.” அவன் வேகமாகச் சொல்லிக்கொண்டே போனான். “குரல் யாருது, அவர் சம்மதம் எழுத்துல இருக்கான்னு வக்கீலுங்க கேட்டாங்க. அவர் இறந்துட்டார்னு சொன்னேன். அப்பத்தான் பயந்துட்டாங்க. கேஸ் ஆயிரும்னு அன்னைக்கே எல்லா இடத்துலயும் அழிச்சுட்டாங்க. வெளியாளுக்குத் தரவும் கூடாதுன்னுட்டாங்க.”

“நீ ஒரு காப்பி எடுத்து வைக்கலையா?”

“முறையாக் கேட்டு வாங்கிருவோம்னு இருந்தேன். எடுத்தா வேலை போயிரும்டா.”

“பழைய சர்வர்ல?”

“அந்த டிஸ்க்கை அப்பவே அவங்க வாங்கிட்டுப் போயிட்டாங்க.”

பிறகு கிரிதரன் அழுதான். சிவபாண்டி போனை வைக்கவில்லை. அழுது முடிகிறவரை காதில் வைத்துக்கொண்டு நின்றுவிட்டு, மெஷினைப் பார்க்கப் போனான். அதன் பிறகு அவர்கள் பேசிக்கொள்ளவில்லை.

அருள்பாண்டி தானாகவே போன் செய்தான். பழைய பையன்கள் மூலம் விஷயம் அவன் காதுக்கு எட்டியிருந்தது. குத்திக்காட்டுவான் என்று சிவபாண்டி நினைத்தான்.

“எனக்குன்னா வெறும் பஸ்ஸுதான்ணே. போனா இன்னொண்ணு செஞ்சுக்குவேன்” என்றான் அவன். “துபாய்ப் பசங்க, சிங்கப்பூர்ப் பசங்க எல்லார்கிட்டயும் கேட்டுப் பாத்துட்டேன். பஸ் ஸ்டாண்டுல, பசுமலையில எடுத்த வீடியோ கிடக்கு. விலக்குல யாரும் எடுக்கலண்ணே. அங்க வந்தா எல்லாரும் ரெக்கார்டை நிப்பாட்டிருவாங்களாம். உங்க வீட்டு விஷயம்னு.”

“சரி தம்பி” என்றான் சிவபாண்டி.

ஆக, ராஜபாண்டியின் குரல் மிச்சமிருந்தது ஒரே இடத்தில்தான். பார்க்கவே முடியாது என்று அவன் மூடிவைத்த, அண்ணனை இடித்தவர்கள் பதிந்து போட்ட அந்த வீடியோக்களில். மத்தியானச் சாப்பாட்டு நேரத்தில் கம்பெனிக்குப் பின்னால் போய் உட்கார்ந்து, காதில் ஹெட்செட்டை மாட்டிக்கொண்டு ஒவ்வொன்றாகப் பார்த்தான். முழுக்க ஒருதடவையாவது சுத்தமாகக் கேட்டுவிடாதா என்று தேடினான். ஒன்றில் ‘அண்ணே’ என்றதுமே பாட்டு தொடங்கிவிட்டது. ஒன்றில் கப்பலூர் என்ற சொல்லுக்குமேல் ஹாரன். ஒன்றில் சிரிப்பு மட்டும் நன்றாகக் கேட்டது. ஆனால் அதோடு சேர்ந்து வேறு யாரோ சிரித்தார்கள், இரண்டையும் பிரிக்க முடியவில்லை. கண்ணை மூடிக்கொண்டு கேட்டால் பரவாயில்லை என்று மூடிப்பார்த்தான். மோதுகிற சத்தம் எப்போது வரும் என்று உடம்பு முன்கூட்டியே இறுகிக்கொண்டது. இருந்தும் எல்லாவற்றையும் போனில் இறக்கி வைத்துக்கொண்டான்.

வீட்டில் அம்மாவிடம் பழைய பதிலையே சொல்லிவந்தான். ரிப்பேர், வந்துரும். சுந்தரம்மாள் கேட்பது குறைந்துவந்தது. ஒரு சாயங்காலம் ஆடுகளைக் கட்டிவிட்டு வந்தவர், முகம் கழுவாமலே அவனுக்கு எதிரே தரையில் உட்கார்ந்தார்.

“வராதுல்லடா?”

“வரும்மா. கம்பெனியில—”

“அன்னைக்கி நீ வந்து, அண்ணன் ஆஸ்பத்திரியில இருக்கான், கால்ல மட்டும் அடி, நாளைக்கி பாக்கலாம்னு எங்கிட்டச் சொன்ன. அப்பவும் இதே மூஞ்சியத்தான் வச்சிருந்த.”

சிவபாண்டி தலையைக் கவிழ்த்துக்கொண்டான். பிறகு சொன்னான். சர்வர் கைமாறியதை, தான் எழுதிய சட்டத்தை, அழித்துவிட்டதை எல்லாம் சொன்னான். அண்ணன்மேல் பஸ்ஸை ஏற்றி விளையாடியதை மட்டும் சொல்லவில்லை. சம்மதம் எழுத்தில் இல்லை என்று அழித்துவிட்டார்கள் என்றதும் சுந்தரம்மாள் நிமிர்ந்து பார்த்தார்.

“யாரு சம்மதம்?”

“அண்ணன் சம்மதம்.”

“அவன்தானடா வந்து நின்னான்? நான் பாத்துக்கிட்டுத்தான இருந்தேன், இந்தச் சொவரு ஓரத்துல. என்னையக் கேட்டா நான் சொல்லமாட்டேனா?”

அவர் முந்தானையால் முகத்தைத் துடைத்துக்கொண்டு, கொஞ்சநேரம் அணைந்து கிடந்த கம்ப்யூட்டரைப் பார்த்தார்.

“வேற எங்கயுமே இல்லையா? அவன் பேசுனது, ஒரு சொல்லுகூட?”

சட்டைப்பையில் போன் கனத்தது. அவன் அதன்மேல் கையை வைத்துக்கொண்டான்.

“இல்லம்மா” என்றான்.

சுந்தரம்மாள் எழுந்து போய் அடுப்பைப் பற்றவைத்தார். சிவபாண்டி வெளியே வந்து, அண்ணனை நிறுத்திப் போட்டோ எடுத்த சுவரோரம் நிற்கமாட்டாமல், தெருவுக்கு இறங்கி நடந்தான். உள்ளேயிருந்து அம்மா அழுகிற சத்தம், அவன் தெருமுனை திரும்பிய பிறகுதான் கேட்கத் தொடங்கியது.